வடக்குச் சன்னலும் என் பிறை அச்சும்

கண்ணை மூடினால் முதலில் வருவது அந்த வெளிச்சம்தான். காலை ஒன்பது மணி வெளிச்சம். வடக்குச் சன்னல் வழியாக உள்ளே வந்து, மேஜை மேல் விரித்துப் போட்ட மாட்டுத்தோலின் மேல் சத்தம் போடாமல் படுத்துக்கொள்ளும். வெயில் இல்லை அது. சூடு கிடையாது, கண்ணைக் கூசாது. உள்ளதை உள்ளபடி காட்டும், அவ்வளவுதான்.

நான் தோலைத் தடவுவேன். கட்டைவிரலால் மடக்கிப் பார்ப்பேன். முதல் தரம் என்று மனசு சொன்னால் இடுப்பிலிருந்து பித்தளை அச்சை எடுத்து, வால் பக்கத்து ஓரத்தில் வைத்து, மரச்சுத்தியால் ஒரு தட்டு. சின்னதாக ஒரு பிறை விழும். முதல் தரத்துக்கு மட்டும்தான் பிறை. மற்றதெல்லாம் பிறை இல்லாமல் அடுத்த மேஜைக்குப் போய்விடும்.

ஆம்பூர் பக்கத்துத் தோல் ஷாப்பு ஒன்றில் ஒன்பது வருஷம் அந்தச் சன்னல் என்னுடையதாக இருந்தது. தோல் ஷாப்பு என்றால் கடை என்று நினைத்துவிடாதீர்கள். பச்சைத் தோலை வாங்கிப் பதம் பண்ணுகிற இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பேர். அந்த ஷாப்பின் பேரைக் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.

இத்தனை வாரமாக எழுதுகிறீரே, அந்த வேலையை ஏன் விட்டீர் என்று மட்டும் நழுவிக்கொண்டே போகிறீரே என்று ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். ஐயா, நழுவவில்லை. அந்த இடத்துக்கு வந்தாலே பேனா நின்றுவிடுகிறது. இந்த வாரம் எப்படியும் எழுதிவிடுகிறேன்.

மாடு பட்ட பாடு

தோலைப் பார்த்துத் தரம் பிரிப்பது என்றால் ஏதோ துணி மடிப்பது மாதிரி என்று சிலர் நினைக்கிறார்கள். போங்கய்யா! ஒரு மாட்டின் ஆயுசு பூராவும் அதில் எழுதியிருக்கும்.

கழுத்துப் பக்கம் காய்ப்பு இருந்தால் நுகத்தடி சுமந்த மாடு. விலாவில் நீளமாகக் கீறல் இருந்தால் ஒடுகத்தூருக்கு மேலே மலைக்காட்டில் முள்ளுக்குள் புகுந்து மேய்ந்த மாடு. வயிற்றுப் பக்கம் பொடிப் பொடியாகப் புள்ளி இருந்தால் உண்ணி கடித்தது. முதுகில் வட்டமாகத் தழும்பு இருந்தால் காய்ச்சலுக்குச் சூடு போட்டிருக்கிறார்கள். அந்தத் தழும்பைத் தடவும்போதெல்லாம் எனக்கு உடம்பு ஒரு மாதிரி சிலிர்க்கும்.

சில காலைகளில், தோலைப் பதம் பண்ணுகிற ஆவாரம்பட்டை வாசனையும் எண்ணெய் வாசனையும் மூக்கில் ஏற, நான் மேஜை முன்னால் நின்றுகொண்டே எங்கோ போய்விடுவேன். பார்த்தே இராத குளத்தங்கரையில் பார்த்தே இராத மாடு ஒன்று நின்றுகொண்டிருக்கும். காதர் வந்து தோளில் தட்டினால்தான் திரும்பி வருவேன்.

"இன்னா தோஸ்த், மேய்ச்சலுக்குப் போய்ட்டியா?" என்பான்.

காதர் தோல் தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. ஆறடி உயரம், குழந்தை மனசு. அவன் ஒருவன்தான் அங்கே என்னைக் கேலி பண்ணலாம்.

அச்சு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஷாப்பில் ஒருவன் அச்சை இன்னொருவன் தொடக்கூடாது. தரம் பிரிக்கிறவன் வேலையை விட்டுப் போகும்போது வாசல் கல்லில் வைத்து, தன் கையாலேயே அச்சைத் தட்டையாக அடித்துவிட்டுத்தான் போக வேண்டும். அது யார் வைத்த வழக்கம் என்று தெரியாது. அவன் கண் அவனோடு போகட்டும் என்பதுதான் அதன் கருத்து. எனக்கு முன்னால் அந்தச் சன்னலில் நின்றவருக்கு நட்சத்திர அச்சு. கண்ணில் புரை விழுந்து அவர் கிளம்பின அன்றைக்கு மூன்றே அடி. நட்சத்திரம் போய்விட்டது. அவர் அடித்து முடிக்கிறவரை ஷாப்பு பூராவும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றது.

மாம்பழம் கொடுத்த லட்சணம்

முதலாளி மதராஸில் இருந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் மேனேஜர் துரைசாமிதான் எல்லாம்.

சும்மா சொல்லக்கூடாது, மேனேஜர் கெட்டிக்காரர். ஆனால் அவருக்கு ஆட்கள் இரண்டே வகை. காலையில் கேட்டில் நின்று கும்பிடுகிறவன் ஒரு வகை, கும்பிடாதவன் ஒரு வகை. கேட்டிலிருந்து ஆபீஸ் அறை வரை அவருக்குக் குடை பிடிக்க நாலு பேருக்குள் போட்டி. மாதனூர்க்காரன் ஒருவன் வேர்க்கடலை மூட்டையோடு வருவான். இன்னொருவன் பள்ளிகொண்டா கோயில் பிரசாதத்தை வாழை இலையில் பொட்டலம் கட்டி வருவான். மூன்று மாசத்துக்குள் ஒருவன் மேஸ்திரி ஆவான், இன்னொருவனுக்கு நிழலில் வேலை கிடைக்கும்.

நான் மட்டும் என்ன பெரிய யோக்கியனா? நானும் ஒரு தடவை பார்த்தேன். ஒரு கூடை மாம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவும் புளிப்பு! அவர் வீட்டு அம்மா அதை ஊறுகாய் போட்டதாகக் காதர் எங்கிருந்தோ விசாரித்து வந்து சொன்னான். அதோடு அந்த வித்தை நமக்கு வராது என்று விட்டுவிட்டேன்.

எஸ்தருக்கு இது தெரிந்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். எஸ்தர் என் மனைவி, மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஷாப்பு கொடுத்த லைன் வீட்டில்தான் குடியிருந்தோம். அவள் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். வேலை விட்டு வந்ததும் கொல்லைக் கிணற்றடியில் சீயக்காய் போட்டுக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் கால் வைக்கலாம்.

"பிள்ளைங்க மூக்கைப் பொத்துதுங்க. டீச்சர் சேலையிலே தோல் நாத்தம்ன்றாங்க. எனக்கு அழுகையே வருது" என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். ஒன்பது வருஷம் நான் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன்.

கிழக்குச் சன்னல்

ஒரு திங்கட்கிழமை. போனால் என் சன்னலில் வேறு ஒருவன் நிற்கிறான். வெள்ளைச் சட்டை, தலையில் வாசனை எண்ணெய், கையில் புத்தம் புது அச்சு. மேனேஜரின் மச்சான் கோபால். வீட்டு அம்மாவுக்கு உடன்பிறந்த தம்பி. வேலூரில் மூன்று வேலை பார்த்து, மூன்றையும் விட்டுவிட்டு வந்திருந்தான்.

மேனேஜர் என் தோளில் கை போட்டார். அதற்கு முன்னால் அவர் கை என் மேல் பட்டதே கிடையாது.

"கோபாலு புதுசு. நல்ல வெளிச்சத்துல கத்துக்கட்டும். உனக்குத்தான் கண்ணு தங்கமாட்டம் இருக்குதே தேவசகாயம், எந்த சன்னலா இருந்தா இன்னா?"

பாருங்கள், புகழ்ச்சிக்கு என்ன பலம்! எனக்கும் அந்த நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. நமக்கு எந்தச் சன்னலாக இருந்தால் என்ன? மடையன் மாதிரி தலையாட்டிவிட்டுக் கிழக்குச் சன்னலுக்குப் போய் நின்றேன்.

அதுவரை அங்கே மூட்டை கட்டுகிற வேலைதான் நடந்தது. அந்த வருஷம்தான் பட்டை இடிக்கிற இடத்தையும் கிழக்கு முற்றத்துக்கு மாற்றியிருந்தார்கள். பெண்கள் இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து ஆவாரம்பட்டையை இடிப்பார்கள். அந்தத் தூள் வெயிலில் எழும்பி, சன்னல் முன்னால் மஞ்சளாக மிதந்துகொண்டே இருக்கும். சூரியன் அதற்குள் புகுந்து வரும். மேஜை, தோல், என் கை எல்லாமே மஞ்சள். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. அந்த வெளிச்சத்தில் நிற்கும்போது கனவில் நிற்பது மாதிரி இருக்கும். எல்லாத் தோலும் குறையே இல்லாமல் தெரியும்.

இரண்டு மாசம் போனது. ஒரு நாள் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். மதராஸிலிருந்து திரும்பி வந்த ஒரு தோலைச் சுவரில் ஆணி அடித்து மாட்டச் சொன்னார். நடுமுதுகில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. வால் பக்கத்தில் என் பிறை.

"பிறையோட லட்சணத்தைப் பாருங்க! தேவசகாயத்துக்குக் கண்ணு போயிடுச்சு" என்றார்.

குடை பிடிக்கிற நாலு பேர் மட்டும் சிரித்தார்கள். நான் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கறை இருக்கிறது. பிறையும் என்னுடையதுதான். அப்படியானால் என் கண்?

பாட்டுப் புஸ்தகத்தை முறைத்தவன்

அதற்குப் பிறகு நான் படாத பாடு இல்லை. வேலை முடிந்து பாலாற்று மணலில் நடந்து வருவேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கரைப் பனைமரங்களைப் பார்ப்பேன். அப்புறம் இன்னொரு கண்ணை மூடுவேன். கொக்கு ஒன்று தெரிகிறதா, இரண்டா? தெரிகிற மாதிரியும் இருக்கும், நானே நினைத்துக்கொள்கிற மாதிரியும் இருக்கும். தண்ணீரே இல்லாத ஆற்றில் தண்ணீர் மினுக்குகிற மாதிரி தோன்றும். பயந்துவிடுவேன். எனக்கென்று இருந்ததே இந்த இரண்டு கண்தான். பெரிய படிப்பு கிடையாது, நிலம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டுப் புஸ்தகத்தைக் கை நீட்டிப் பிடித்து எழுத்து தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க, பாட்டே பாடாம புஸ்தகத்தை முறைச்சிக்கினே இருந்தீங்க?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாளைக்கே வேலையை விட்டெறிந்துவிட்டு வருகிறேன் என்று கத்தினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தாமலேயே பேசினாள்.

"கோவத்துல வராதீங்க. வீடு போனா போவுது, எங்கயாவது குடிசை போட்டுக்கலாம். ஆனா கண்ணு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிக்கினு வாங்க. தெரியாம வந்தீங்கன்னா ஆயுசுக்கும் இப்படியே முறைச்சிக்கினு உக்காந்திருப்பீங்க. அந்த ஆளோட என்னால குடித்தனம் பண்ண முடியாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவள் சொன்னது சரி.

கோபால் கேட்ட உதவி

பதில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. மேனேஜர் காலை பலகாரத்துக்கு வீட்டுக்குப் போகிற நேரம் பார்த்து, கோபால் பூனை மாதிரி என் மேஜைக்கு வந்தான்.

"அண்ணே, ஒரு நிமிஷம் அங்க வந்து பாருங்கண்ணே. எனக்கு எல்லாத் தோலும் ஒரே மாதிரி தெரியுது. மாமாவுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்."

முடியாது போடா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. முப்பது வயசு ஆள், வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கிறான். பாவம், அவனும் அந்தச் சன்னலைக் கேட்டு வரவில்லை.

போய் நின்றேன். இரண்டு மாசத்துக்கு அப்புறம் என் பழைய வெளிச்சம். அப்பா! என்ன சொல்வது? ஊருக்குத் திரும்பி வந்தது மாதிரி இருந்தது. முதல் தோலில் உண்ணிப்புள்ளி தெரிந்தது. இரண்டாவதில் நூல் மாதிரி ஒரு முள் கீறல். மூன்றாவதில் லேசாக எண்ணெய்க் கறை. ஒவ்வொன்றாக விரலை வைத்துக் காட்டினேன். காட்டிக்கொண்டே வந்தவன் மூன்றாவது தோலில் விரலை வைத்தபடி நின்றுவிட்டேன். கண் இருக்கிறதே! அப்படியானால் அந்தக் கறை எப்படித் தப்பியது?

திரும்பிக் கிழக்குச் சன்னலைப் பார்த்தேன். மஞ்சள் தூள் மிதந்துகொண்டிருந்தது.

"அச்சைக் குடு"

அந்த வாரமே மதராஸிலிருந்து கடிதம் வந்தது. பிறை போட்ட சரக்கு ஏன் குறைகிறது, வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்று. கறைத்தோலுக்குப் பிறகு பயத்தில் நான் பிறை போடுவதையே குறைத்திருந்தேன். மேனேஜர் என் மேஜைக்கே வந்தார். பின்னால் குடைக்காரர்கள் நாலு பேர்.

"அச்சைக் கோபாலு கைல குடு. நீ மூட்டை கட்டுற இடத்துல மேஸ்திரியா இரு. லைன் வீடும் இருக்கும், வேலையும் கம்மி. இன்னா சொல்ற?"

"கண்ணு போன ஆளோட அச்சு உங்களுக்கு எதுக்கு?" என்றேன்.

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. திரும்பிக் குடைக்காரர்களைப் பார்த்தார்.

"காதரு, அந்தத் தோலை எடுத்தா" என்றேன்.

காதர் யாரையும் கேட்கவில்லை. ஆணியிலிருந்து கறைத்தோலைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து கிழக்குச் சன்னல் மேஜையில் விரித்தான். எல்லோரும் சுற்றி நின்றார்கள். மஞ்சள் வெளிச்சம் அதன் மேல் விழுந்தது.

கறையைக் காணோம்.

"கறையே இல்லியே மாமா!" என்றான் கோபால், அவனுக்கே தெரியாமல்.

காதர் அதை வடக்குச் சன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போனான். விரித்தான். நடுமுதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. மறுபடி கிழக்குக்குக் கொண்டுவந்தான். இல்லை. கூட்டத்தில் யாரோ "அட!" என்றார்கள்.

நான் மேனேஜரைப் பார்த்துச் சொன்னேன். "கறை இருக்குது. பிறை போட்டவன் நான்தான். நீங்க சொன்னதைக் கேட்டு எந்த சன்னலா இருந்தா இன்னான்னு நெனச்சேன் பாருங்க, அது என் தப்பு. ஆனா என் கண்ணு போகல."

அவர் கெட்டிக்காரர் என்று முன்னாலேயே சொன்னேன் இல்லையா? சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார்.

"சரி சரி, விடு. நாளைலேர்ந்து வடக்கு சன்னல் உனக்குத்தான். கோபாலுக்குக் கிழக்குல ஒரு மேஜை. ஒண்ணே ஒண்ணு, ரெண்டு பேரும் பிறையே போடுங்க. இன்னொரு அச்சு பண்ணிக்கலாம். சரக்கு போவணும் இல்ல?"

இங்கேதான் என் பேனா நிற்கிறது. ஏனென்றால் நான் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. வடக்குச் சன்னலைப் பார்த்தேன். அந்த வெளிச்சம் மேஜை மேல் காத்துக்கொண்டிருந்தது. ஆசையாக இருந்தது, அழுகிற அளவுக்கு ஆசை. நாளைக் காலையிலிருந்து அது மறுபடி என்னுடையது. லைன் வீடு, கொல்லைக் கிணறு எல்லாம் அப்படியே இருக்கும். கோபால் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் கறைத்தோலுக்கெல்லாம் பிறை போடுவான். யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும்.

சட்டைப்பையில் பேனாக்கத்தி இருந்தது. கறைத்தோலின் வால் ஓரத்தில் இருந்த பிறையை வட்டமாக வெட்டி எடுத்துக்கொண்டேன். நான் போட்ட பொய்ப் பிறைகளில் என் கைக்குத் திரும்பி வந்தது அது ஒன்றுதான்.

"காதரு, இரும்புச் சுத்தி குடு."

"தோஸ்த்..." என்றான் காதர். அப்புறம் கொண்டுவந்து கொடுத்தான்.

வாசல் கல்லில் அச்சை நிறுத்தினேன். ஷாப்பு பூராவும் வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றது. பச்சைத் தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியில் இருந்தவர்கள் முழங்கால் வரை வெள்ளையோடு அப்படியே வந்து நின்றார்கள். கோபால் என் பக்கத்தில் குந்தினான். "நான் கேக்கலண்ணே. சத்தியமா நான் கேக்கல" என்றான். கண்ணில் தண்ணீர்.

"தெரியும் கோபாலு. உன் மாமாகிட்ட சொல்லி மொதல்ல சன்னலை மாத்திக்க" என்றேன்.

மூன்று அடி. பிறை போய்விட்டது.

பதினொரு மணி

வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. கால் தானாக எங்கோ போனது. நிமிர்ந்து பார்த்தால் பள்ளிக்கூடத்து வாசல். ஒன்பது வருஷமாகச் சுற்றிக்கொண்டு போன தெரு.

உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். காற்று என் பக்கமிருந்து அவர்கள் பக்கம் அடித்தது. அவசரமாக எதிர்ப்பக்கம் போய்ப் புங்கமரத்தடியில் நின்றேன். வாய்ப்பாடு பாதியில் நின்றது. எஸ்தர் வெளியே வந்தாள்.

"பக்கத்துல வராத. குளிக்கல" என்றேன்.

அவள் வந்தாள். என் கையைப் பிரித்துப் பார்த்தாள். தட்டையான பித்தளைத் துண்டும், வட்டமாக வெட்டின தோலும் இருந்தன. டீச்சருக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"கண்ணு?" என்றாள். அது ஒன்றுதான் கேட்டாள்.

"இடது தோள்ல சாக்கட்டிப் பொடி ஒட்டியிருக்குது. நாலு விரல் பதிஞ்சிருக்குது. காதோரம் ரெண்டு முடி நரைச்சிருக்குது, எங்கிட்ட சொல்லவே இல்ல" என்றேன்.

அவள் தோளைப் பார்த்துத் தட்டிவிட்டுக்கொண்டாள். அப்புறம் அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாக. பித்தளைத் துண்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். தோல் துண்டையும்தான். அந்தச் சேலையில்!

"மணி அடிக்க இன்னும் நேரம் இருக்குது. வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க."

"எஸ்தர், நாறும்."

"வாங்கன்றேன் இல்ல?"

மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வகுப்பு எழுந்து நின்றது. "இவர் என் வீட்டுக்காரர். தோல் பார்த்து தரம் பிரிக்கிறவர்" என்றாள். "தோத்திரம் ஐயா" என்று முப்பது குரல் பாடியது. முதல் பெஞ்சில் ஒரு பெண் குழந்தை மூக்கைப் பொத்தினாள். எஸ்தர் அவளைப் பார்த்தாள். கை மெதுவாக இறங்கியது.

தன் நாற்காலியைச் சன்னல் ஓரமாக நகர்த்தி என்னை உட்கார வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாய்ப்பாட்டைத் தொடங்கினாள். இனி எங்கே குடியிருப்பது, என்ன வேலை செய்வது என்று எதுவும் தெரியாது. சன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று மட்டும் திரும்பிப் பார்த்தேன். வடக்கு. மடியில் கையைப் பிரித்து வைத்துக்கொண்டேன். ரேகை ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. மணி அடிக்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.